மடல்கள் தங்கும் இடம்

ஒரு கடிதம் யாருக்குச் சொந்தம்? 1741-இல் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு ஒரு விடை சொல்லிற்று. கவிஞர் அலெக்ஸாண்டர் போப்பும் ஜோனதன் ஸ்விஃப்டும் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை எட்மண்ட் கர்ல் என்னும் பதிப்பாளர் போப்பின் இசைவின்றி அச்சிட்டு விற்றார். போப் வழக்குத் தொடுத்தார். ஹார்ட்விக் பிரபு அளித்த தீர்ப்பின் சாரம் இது: தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதிலுள்ள சொற்கள் எழுதியவருக்குச் சொந்தம். ஆகவே போப் எழுதிய கடிதங்களை விற்கத் தடை கிடைத்தது. போப்புக்கு எழுதப்பட்டவற்றுக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தீர்ப்பில் இருவர்தாம் உண்டு. இடையில் நின்ற அஞ்சல்காரருக்கு அதில் பங்கில்லை. கடிதம் அவர் பையில் தங்குவது வழிப்பயணத்தின் நேரம் மட்டுமே. கதவைத் தட்டிக் கொடுத்தபின் அவருக்கும் அதற்கும் உறவில்லை. மின்னஞ்சலின் வரலாறு இந்த மூன்றாமவரின் வரலாறு எனலாம். வழியில் ஏந்தி வந்தவர் சில காலம் வைத்திருப்பவராகி, பின்னர் என்றென்றைக்குமாக வைத்திருப்பவராக ஆன கதை அது. நம் அஞ்சல் நிரலில் 'வீடு', 'அலுவலகம்', 'நண்பர்கள்' என்று பெயரிட்டு வைத்திருக்கும் கோப்புறைகள் உண்மையில் எந்த இயந்திரத்தில் இருக்கின்றன? மேசைமேல் உள்ள கணினியிலா, எங்கோ ஓர் ஊரில் இயங்கும் சர்வர் எனப்படும் வழங்கியிலா? பொறியாளர்களுக்கு மட்டும் உரியதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டில் பல விடைகள் வந்துபோயின. ஒவ்வொரு விடையும் அந்தந்தக் காலத்தின் தொலைபேசிக் கட்டணத்தாலும் வட்டின் விலையாலும் முடிவாயிற்று. விளைவுகளோ மனிதரின் அந்தரங்கத்திலும் நினைவிலும் சென்று முடிந்தன.

* * *

தொடக்கத்தில் இப்படியொரு கேள்வியே எழவில்லை. 1965-இல் எம்.ஐ.டி. நிறுவனத்தில் டாம் வான் விளெக்கும் நோயல் மோரிஸும் ஒரு மடல் கட்டளையை எழுதினார்கள். பலர் ஒரே நேரத்தில் ஒரே பெருங்கணினியைப் பகிர்ந்து பயன்படுத்திய காலம். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே இயந்திரத்தில்தான் கணக்கு வைத்திருந்தனர். ஒருவர் மற்றவருக்கு மடல் எழுதினால், பெறுபவரின் அடைவில் 'மெயில் பாக்ஸ்' என்ற கோப்பின் இறுதியில் அந்த வரிகள் சேர்ந்துகொள்ளும். ஊர் முழுவதும் ஒரே வீட்டில் குடியிருந்தால் கடிதம் எங்கே இருக்கிறது என்று யார் கேட்பார்கள்?

1971-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் இரண்டு கணினிகளுக்கிடையே முதன்முதலாக மடல் அனுப்பினார். அவ்விரு இயந்திரங்களும் அருகருகே நின்றவை. ஆனால் அவற்றை இணைத்தது ஆர்ப்பாநெட் வலை. பெயரையும் இயந்திரத்தையும் பிரிக்க அவர் தேர்ந்த @ என்னும் குறி புகழ்பெற்றுவிட்டது. அக்குறி உணர்த்தும் பொருளைத்தான் நாம் கவனிப்பதில்லை. இன்னார் இன்ன இயந்திரத்தில் இருக்கிறார் என்பதே அதன் பொருள். முகவரியிலேயே இருப்பிடம் எழுதப்பட்டாயிற்று. அடுத்த ஆண்டு லாரி ராபர்ட்ஸ், மடல்களைப் பட்டியலிடவும் வேண்டியதை மட்டும் படிக்கவும் தனியே எடுத்து வைக்கவும் அழிக்கவும் ஒரு நிரல் எழுதினார். மடல்களை வகைபிரித்து வைக்கும் பழக்கம் அங்கே தொடங்குகிறது. 1979-இல் ராண்ட் நிறுவனத்தில் புரூஸ் போர்டன் எழுதிய எம்.எச். என்ற நிரல் இன்னும் ஒரு படி சென்றது. ஒவ்வொரு மடலும் ஒரு கோப்பு. கோப்புறை என்பது வட்டில் உள்ள ஓர் அடைவேதான்.

யூனிக்ஸ் இயக்குதளத்தில் வழங்கிய முறை இதைவிட எளியது. ஒருவருக்கு வந்த எல்லா மடல்களும் ஒரே உரைக்கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதன்பின் ஓர் இடைவெளியுமாகத் தொடங்கும் வரி வந்தால் அங்கே புதிய மடல் ஆரம்பம் என்று பொருள். எவரேனும் தம் மடலின் பத்தியொன்றை அதே சொல்லால் தொடங்கிவிட்டால் குழப்பம் நேருமல்லவா? அதைத் தவிர்க்க, நிரல் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கோணக்குறியைத் தானாகவே செருகும். எழுதியவர் போடாத அந்தக் குறியைப் பழைய மடல்களில் இன்றும் காணலாம். எம்பாக்ஸ் என்னும் இந்த வடிவத்தை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். இறுதியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

* * *

1980களில் தனியாள் கணினிகள் மேசைக்கு வந்தன. பெருங்கணினி இரவும் பகலும் விழித்திருக்கும். மேசைக் கணினியை மாலையில் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அணைந்திருக்கும் கணினியின் கதவை மடல் வந்து தட்டினால் திறக்க ஆளில்லை. ஆகவே எப்போதும் விழித்திருக்கும் ஓர் இயந்திரம் மடலை வாங்கி வைக்கவும், உரியவர் வந்து கேட்கும்போது கொடுக்கவும் ஏற்பாடு தேவைப்பட்டது. 1984 அக்டோபரில் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் அத்தகைய நெறிமுறையொன்றை வெளியிட்டார். 'தபால் நிலைய நெறிமுறை' என்று பொருள்படும் பெயரின் சுருக்கமான 'பாப்' என்றே அது வழங்கலாயிற்று. 1988-இல் வந்த அதன் மூன்றாம் வடிவம் இன்றுவரை வாழ்கிறது.

பாப் முறைக்குக் கோப்புறை என்றால் என்னவென்றே தெரியாது. வழங்கியில் இருப்பது ஒரே குவியல். அதிலுள்ள மடல்களை எண்ணிச் சொல்லும், கேட்டதைக் கொடுக்கும், அழிக்கச் சொன்னதை அழிக்கும். வகைபிரிப்பது, பெயரிடுவது, பாதுகாப்பது யாவும் பெற்றவரின் வீட்டுக் காரியம். போப் வழக்கின் தீர்ப்புக்கு முழுவதும் பொருந்திய ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். அஞ்சல் நிலையம் இடைத்தங்கல் மட்டுமே. கடிதம் பெற்றவரின் பேழைக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்த முறையை உலகறியச் செய்த நிரல்களில் தலையாயது யூடோரா. 1988-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் அதை எழுதினார். அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்டியின் பெயர் அது. அஞ்சல் நிலையத்தில் தான் குடியிருக்கும் காரணத்தை ஒரு பெண் சொல்வதாக வெல்டி 1941-இல் வெளியிட்ட சிறுகதை புகழ்பெற்றது. குடும்பத்தாருடன் பிணங்கிக்கொண்ட அவள் தன் உடைமைகளை ஒவ்வொன்றாகத் திரட்டிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் சிற்றூர் அஞ்சல் நிலையத்துக்கே குடிபோகிறாள். மடல்களோடு மல்லாடிய டார்னருக்குத் தம் நிலையும் அதுவே என்று தோன்றியதாம். ஆனால் நிரல் செய்த வேலை கதைக்கு நேர் எதிரானது. கதைநாயகி வீட்டிலிருந்து பொருள்களை அஞ்சல் நிலையத்துக்குக் கொண்டுபோனாள்; யூடோரா அஞ்சல் நிலையத்திலிருந்து மடல்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த நாடுகளுக்கு இது மிகப் பொருந்திற்று. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருந்தது. இணைப்பை ஏற்படுத்து, மடல்களை இறக்கிக்கொள், இணைப்பைத் துண்டி, பிறகு ஆர அமரப் படி என்பதே அன்றைய ஒழுங்கு. பதில்களையும் இணைப்பில்லாமலே எழுதி வைத்து, அடுத்த முறை மொத்தமாக அனுப்புவார்கள். தொலைபேசிக் கட்டணமே கோப்புறையை வீட்டில் வைத்தது.

வீட்டில் வைத்ததற்கும் விலை இருந்தது. வன்தட்டு பழுதானால் பத்தாண்டு மடல்கள் ஒரு நொடியில் போய்விடும். அலுவலகக் கணினி இறக்கிய மடலை வீட்டுக் கணினி காணாது. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் நிரல் எல்லா மடல்களையும் ஒரே கோப்பில் அடைத்து வைத்தது. 2002 வரை வந்த பதிப்புகளில் அந்தக் கோப்பு இரண்டு கிகாபைட்டைத் தொட்டதும் திறக்க மறுத்தது. வேறு வழியின்றி அந்நிறுவனமே கோப்பின் ஒரு பகுதியை வெட்டியெறிந்து மீதியை மீட்கும் கருவியொன்றை வெளியிட்டது. மடலைக் காப்பாற்ற மடலைப் பலியிட வேண்டிய நிலை.

* * *

இந்த வரலாற்றில் 1986 ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் 'ஐமேப்' என்னும் மாற்று நெறிமுறையை வகுத்தார். மடலை வீட்டுக்குக் கொண்டுவராமல், அது இருக்கும் இடத்துக்கே நாம் போய்ப் படிப்பது அதன் அடிப்படை. மடல் வழங்கியிலேயே கிடக்கும். நம் கணினி ஒரு சாளரம். படித்தது எது, விடை எழுதியது எது, அழிக்கக் குறித்தது எது என்ற நிலைகளையும் வழங்கியே நினைவில் வைத்திருக்கும். எந்தக் கணினியில் அமர்ந்தாலும் ஒரே காட்சி. 1994 டிசம்பரில் வெளிவந்த நான்காம் வடிவத்தில் கோப்புறைகளை வழங்கியிலேயே உருவாக்கவும் பெயர்மாற்றவும் நீக்கவும் முறையான வசதி இருந்தது. அதே மாதம் கிரிஸ்பின் ஒரு சிறு ஆவணத்தில் மடல் வாசிப்பை மூன்றாகப் பகுத்தார்: மடலை இறக்கிக்கொண்டு வழங்கியிலிருந்து நீக்குவது, வழங்கியிலேயே வைத்துப் படிப்பது, வழங்கியில் மூலமும் நம் கணினியில் படியுமாக வைத்து, இணையும்போதெல்லாம் இரண்டையும் ஒத்துப்பார்ப்பது. இன்று நம் கைப்பேசியில் நடப்பது இந்த மூன்றாவது. கிரிஸ்பின் 2012-இல் மறைந்தார்; அவர் நெறிமுறையின் புதிய திருத்தம் 2021-இல் வந்தது.

இரண்டாவது, அதே 1986 அக்டோபரில் அமெரிக்கா மின்வழித் தொடர்புகளின் அந்தரங்கம் பற்றி ஒரு சட்டம் இயற்றிற்று. வழங்கியில் 180 நாள்களுக்கு உட்பட்ட மடலைக் காண அரசுக்கு நீதிபதியின் சோதனை ஆணை தேவை. 180 நாள்களைத் தாண்டிவிட்டால் அழைப்பாணை போன்ற எளிய வழியே போதும் என்று அது வகுத்தது. இதன் பின்னாலிருந்த எண்ணம் அக்காலத்துக்கு இயல்பானது. வேண்டிய மடலை மனிதர் எப்படியும் இறக்கிக்கொண்டு போவார். ஆறு மாதம் கேட்பாரற்றுக் கிடப்பது கைவிடப்பட்ட பொருள். வீட்டில் கோப்புறை வைத்திருந்த உலகத்தை மனத்தில் கொண்டு எழுதிய சட்டம் இது. வழங்கியிலேயே கோப்புறை வைக்கும் முறை பிறந்த அதே ஆண்டில் அது பிறந்தது வரலாற்றின் முரண். இருபது ஆண்டுகளில் மக்கள் தங்கள் அரிய மடல்களையெல்லாம் வழங்கியில் சேர்த்து வைத்தபோது, மிகப் பழையவையும் மிகப் போற்றியவையுமான மடல்களே மிகக் குறைந்த காப்புக்கு உரியவையாக நின்றன.

இதன் கூர்மை 2010-இல் வார்ஷாக் வழக்கில் வெளிப்பட்டது. அரசு அலுவலர்கள் ஒருவரின் ஏறத்தாழ 27,000 மடல்களைச் சோதனை ஆணையின்றிப் பெற்றிருந்தனர். அவர் பயன்படுத்தியது பாப் முறை. இறக்கியதும் வழங்கியிலிருந்து மடல்கள் அழிந்திருக்க வேண்டியவை. அவருக்குத் தெரியாமல், அரசின் வேண்டுகோளின்பேரில், சேவை நிறுவனம் படிகளை எடுத்து வைத்தது. கடிதம் தம் வீட்டுப் பேழையில் இருக்கிறது என்று அவர் எண்ணியிருக்கையில் அஞ்சல் நிலையத்தில் அதன் நகல் இருந்தது. அவருக்கு விதித்த குற்றத்தீர்ப்பை ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் உறுதிசெய்தது. ஆயினும் சேவை நிறுவனத்திடம் உள்ள மடலின் உள்ளடக்கத்தைப் பெற அரசுக்குச் சோதனை ஆணை தேவை என்று தெளிவாகச் சொன்னது. 1741-இல் இடம்பெறாத மூன்றாமவர் இங்கே கூண்டுக்கு வந்துவிட்டார்.

மூன்றாவது, 1986 நவம்பரில் ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடித்தது. வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஆலிவர் நார்த்தும் ஜான் பாயின்டெக்ஸ்டரும் தங்கள் மடல்களை அழித்தனர். அவர்கள் பயன்படுத்திய ஐ.பி.எம். நிறுவனத்தின் புராஃப்ஸ் என்ற அமைப்பில் மடல்கள் இருந்தது பெருங்கணினியில். அந்தக் கணினியின் உள்ளடக்கம் காந்த நாடாக்களில் வழக்கம்போல் நகலெடுக்கப்பட்டிருந்தது. அழித்த மடல்கள் நாடாவிலிருந்து எழுந்து வந்தன. 1987-இல் வெளியான டவர் ஆணைய அறிக்கை அவற்றைப் பயன்படுத்திற்று. 1989 ஜனவரியில், ரீகன் பதவி விலகும் தறுவாயில், எஞ்சிய நாடாக்களைக் காக்க வழக்குத் தொடுக்கப்பட்டது. தாளில் அச்செடுத்து வைத்தால் போதும் என்ற அரசின் வாதத்தை 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. யார் யாருக்கு எப்போது அனுப்பினார்கள் என்ற செய்தி அச்சுத்தாளில் விடுபட்டுப் போகலாம்; ஆகவே மின்வடிவ மூலமும் அரசாவணமே என்றது.

ஒரே ஆண்டின் இந்த மூன்று நிகழ்வுகளும் மூன்று பாடங்களைச் சொல்கின்றன. வழங்கியில் வைப்பது வசதி. வழங்கியில் வைத்தது பிறர் கைக்கு எளிது. வழங்கியில் அழித்தது அழிந்ததாகாது. பின்னர் வந்தவையெல்லாம் இவற்றின் விரிவுரைகளே.

* * *

1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். நிரல் எதையும் நிறுவ வேண்டாம், உலாவி போதும். கொடுத்த இடம் இரண்டு மெகாபைட். இன்றைய ஒரு நிழற்படத்துக்கும் போதாது. ஆனாலும் அது பரவிய வேகத்துக்குக் காரணம் உண்டு. 'நம் கணினியில் வைத்துக்கொள்வது' என்ற தேர்வு, சொந்தமாகக் கணினி உள்ளவர்களுக்கே உரியது. மதுரையிலும் திருச்சியிலும் தெருமுனை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து அமர்ந்தவர்களுக்கு 'வீடு' என்று ஒன்று இணையத்தில் இல்லை. அவர்களுக்கு வழங்கியே வீடு. அவ்வீட்டில் புது மடல் வரவேண்டுமானால் பழைய மடலை அழித்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த மகனின் மடலையோ, வேலைக்கான அழைப்பையோ, எதை வைப்பது, எதை எறிவது என்று இடநெருக்கடி கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தத் தலைமுறையின் மின்மடல்களில் எஞ்சியவை சொற்பமே.

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஒரு கிகாபைட் இடத்துடன் ஜிமெயிலை அறிவித்தபோது அதைப் பலர் முட்டாள்கள் தின விளையாட்டு என்றே எண்ணினர். ஹாட்மெயில் கொடுத்ததைப்போல் ஐந்நூறு மடங்கு. எதையும் அழிக்க வேண்டாம் என்பது அதன் அழைப்பு. மற்றொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. கோப்புறையே அங்கே இல்லை. எல்லா மடல்களும் ஒரே களஞ்சியத்தில் கிடக்க, அவற்றின்மேல் பெயர்ச்சீட்டுகள் மட்டும் ஒட்டப்பட்டன. ஒரு கடிதம் ஒரே நேரத்தில் 'குடும்பம்' என்றும் 'பணம்' என்றும் இரண்டு சீட்டுகள் தாங்கலாம். 2007-இல் ஜிமெயில் ஐமேப் முறையையும் ஏற்றபோது அந்தச் சீட்டுகள் பிற நிரல்களில் கோப்புறைகளாக வேடம் புனைந்து தோன்றின. வெல்டியின் கதைநாயகியைப் போல நாமெல்லோரும் பொருள்களை மூட்டை கட்டிக்கொண்டு அஞ்சல் நிலையத்துக்கே குடிபோய்விட்டோம். யூடோராவின் வணிக வளர்ச்சி 2006-இல் நின்றுபோனது. அதன் மூலநிரலைக் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2018-இல் வெளியிட்டது.

* * *

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை? எழுத்தாளரின் கடிதங்கள் அவருடைய படைப்பின் பின்புலம். அவை பரணிலோ பெட்டியிலோ கிடந்ததால்தான் பிற்காலத்தவர் கையில் கிடைத்தன. சல்மான் ருஷ்டியின் ஆவணங்களை எமரி பல்கலைக்கழகம் 2006-இல் பெற்றபோது அவர் பயன்படுத்திய கணினிகளும் உடன் வந்தன. சூசன் சொன்டாகின் மின்மடல்கள் அவருடைய வன்தட்டுகளோடு லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. கவிஞர் வெண்டி கோப்பின் ஏறத்தாழ 40,000 மின்மடல்களைப் பிரிட்டிஷ் நூலகம் 2011-இல் பெற்றது. ருஷ்டி, சொன்டாக் இருவர் காரியத்திலும் கணினியே பேழையாயிற்று; பொருளைக் கைமாற்ற முடிந்தது.

வழங்கியில் மட்டும் மடல் வைத்திருப்பவரின் மறைவுக்குப்பின் என்ன நிகழும்? பேழை இல்லை; கடவுச்சொல் இருக்கிறது, அது அவரோடு போய்விட்டது. 2023-இல் கூகுள் வகுத்த விதிப்படி இரண்டாண்டுகள் எவரும் நுழையாத தனியார் கணக்குகள் நீக்கத்துக்கு உரியவை. அவ்வாண்டு டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் பெட்டியை யாரும் திறக்காவிட்டாலும் அது கிடக்கும். பேரன் ஒருநாள் ஏறிப் பார்க்கலாம். திறக்காததே காரணமாக இந்தப் பெட்டி மறைந்துவிடும்.

கைப்பேசியிலும் படி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதும் பிழை. கிரிஸ்பின் வகுத்த மூன்றாம் முறையில் படி என்பது மூலத்தின் நிழல். மூலத்தில் அழிந்தது அடுத்த ஒத்துப்பார்ப்பில் நிழலிலும் அழியும். ஒத்திசைவு வேறு, சேமிப்பு வேறு. இதை உணர்த்திய நிகழ்ச்சியொன்று 2011 பிப்ரவரியில் நடந்தது. ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் மடல்கள் காணாமற்போயின. பல தரவு மையங்களில் வைத்திருந்த படிகளிலும் அந்தப் பிழை சென்று தாக்கியிருந்தது. மடல்களை இறுதியில் மீட்டுக் கொடுத்தவை, வலையோடு இணையாமல் தனியே கிடந்த காந்த நாடாக்கள். நார்த்தின் மடல்களைக் காட்டிக்கொடுத்த அதே வகைப் பொருள்.

ஆகவே 'அங்கேயா, இங்கேயா' என்ற கேள்விக்கு இரண்டிலொன்றைத் தேர்வது விடையாகாது. அன்றாடப் பயன்பாட்டுக்கு வழங்கியை விட்டு விலகுவது இன்று எளிதன்று, விலகவும் தேவையில்லை. ஆனால் வழங்கியோடு ஒத்துப்பார்க்காத, நாமே கையாளும் ஒரு படி தனியே இருந்தாக வேண்டும். அதையெடுக்க வழியும் உண்டு. 2013 முதல் ஜிமெயில் தன் பயனர்களுக்கு அவர்களுடைய மடல்கள் அனைத்தையும் இறக்கிக்கொள்ள வசதி தருகிறது. இறங்கி வரும் கோப்பு வேறெதுவுமன்று. பழைய யூனிக்ஸ் காலத்து எம்பாக்ஸ் வடிவம்தான். ஒட்டிய சீட்டுகளின் பெயர்கள்கூட ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் ஒரு வரியாக உடன் வருகின்றன. மடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, 'ஃப்ரம்' என்ற சொல்லால் பிரிக்கப்பட்டு, எந்த நிறுவனத்தின் தயவுமின்றி எந்த உரைத்தொகுப்பியிலும் திறக்கும் நிலையில் கிடக்கும். அதை ஒரு வட்டில் இட்டு, வட்டின்மேல் பெயரும் ஆண்டும் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவைக்க அரைநாள் போதும்.